கலெக்டரா, வக்கீலா, வெளியுறவா: நீடாமங்கலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அரசுப் பள்ளி, தமிழ் வழி. வரலாறு, பொருளியல், வணிகவியல் குரூப். அப்பாவுக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம். எனக்குக் கலெக்டர் ஆகவும் ஆசை, வக்கீல் ஆகவும் ஆசை, ஐ.நா. சபை மாதிரி இடத்தில் வேலை பார்க்கவும் ஆசை. மாமா பி.காம் படித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுது என்கிறார். மூன்றுக்கும் வழி விடுகிற மாதிரி என்ன படிக்கலாம் சார்?" கேள்வி படிப்பைப் பற்றியது போல இருந்தாலும், தம்பி கேட்பது வேறு இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, என் மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடங்களுக்குள் போக உண்மையிலேயே வழி இருக்கிறதா. இரண்டாவது, ஆசைப்பட்டது நடக்காமல் போனால் அப்பாவுக்குப் பாரமாகாமல் சொந்தக் காலில் நிற்க முடியுமா. இந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர், கும்பகோணம் நீதிமன்றங்களில் இருபது வருடங்களுக்கு மேலாக வழக்கு நடத்துகிறவன். பெரும்பாலும் சிவில்: பாகப்பிரிவினை, குத்தகை, வாய்க்கால் வரப்புத் தகராறு. ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்வது சொந்த அனுபவம். அரசுப் பணியைப் பற்றிச் சொல்வது தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியதில் தெரிந்தது, கொஞ்சம் என்னிடம் படித்து வேலைக்குப் போனவர்கள் சொன்னது. வெளியுறவு என் துறை இல்லை. அந்தப் பகுதியில் எழுதி வைக்கப்பட்ட விதிகளைத் தாண்டி நான் போக மாட்டேன்.

முதலில், நீங்கள் மூன்று தனித்தனி ஊர் என்று நினைப்பவை அவ்வளவு தூரத்தில் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. ஆடி மாதத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று நீர்வளத் துறைப் பொறியாளர் சொல்ல, மதகுப் பணியாளரான லஸ்கர் தூக்குவார். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் கடைமடைக்காரர்கள் மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போவார்கள். இது அரசுப் பணி. அந்தத் தண்ணீர் கர்நாடகத்திலிருந்து இவ்வளவு வர வேண்டும் என்று எழுதி வாங்கியது சட்டம். 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற இடமான பிலிகுண்டுலுவில் வருடத்துக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டினால் ஹெல்சிங்கி விதிகள் என்று ஒன்று வருகிறது. பல நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆறுகளுக்காக 1966இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் அவை. இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் நடந்த வழக்கில் அதைப் படித்தவர்களுக்கும் வேலை இருந்தது. ஒரே ஆற்றைப் பற்றி மூன்று விதமான வேலை, அவ்வளவுதான்.

அதனால் பதவியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் எழுந்து என்ன வேலை செய்ய உங்களுக்குப் பிடிக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இதைத்தான் நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன், ஆனால் பிளஸ் டூ வயதில் அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தை மாதம் அறுவடைக்கு நிற்கிற சம்பா பருவம் தவறிய மழையில் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும் வயலில் இறங்குவார்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இருக்கிற சர்வே எண்ணும் நிலத்தில் நிற்கிற பயிரும் ஒத்துப்போகிறதா, சேதம் 33 சதவீதத்தை எட்டுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். அதற்குக் கீழே எழுதிவிட்டால் அந்த விவசாயிக்கு நிவாரணம் இல்லை. பக்கத்து வயலுக்கு எழுதிவிட்டு இவருக்கு எழுதாவிட்டால் நாளைக்கு ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். பயிர் வைத்தவர் குத்தகைக்காரர், பட்டா மெட்ராஸில் இருக்கிற நிலக்காரர் பெயரில் இருக்கும். பணம் யார் கணக்குக்குப் போவது என்று அங்கேயே தகராறு கிளம்பும். தாலுகா ஆபீஸிலிருந்து சாயங்காலத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று போன் மேல் போன் வரும். காலில் சேறு, கையில் பதிவேடு, சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள். இந்த நெருக்கடிக்குள் நின்று சரியான ஒரு எண்ணை எழுதுவதில் உங்களுக்கு ஒரு நிறைவு கிடைக்குமானால் அரசுப் பணி உங்களுக்குப் பொருந்தும். கலெக்டர் வேலையும் பெரும்பகுதி இதே மாதிரிதான். எண்கள் பெரிதாகும், போன் இன்னும் மேலே இருந்து வரும்.

அதே தகராறு சில வருடம் கழித்து என் மேஜைக்குப் பிராதாக, அதாவது வழக்கு மனுவாக வரும். நான் எல்லாருக்கும் பொதுவானவன் இல்லை, ஒருவர் பக்கம் நிற்கிறவன். வழக்குக் கட்டைப் பிரித்தால் எப்போதோ எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம், கசங்கிய குத்தகை ரசீது, அடங்கல் நகல் எல்லாம் இருக்கும். பழைய கையெழுத்தைப் படித்து, எல்லை பார்த்து, எந்தச் சட்டப் பிரிவில் இது நிற்கும் என்று தேடி எழுதுவதில்தான் பெரும்பாலான நேரம் போகும். நீதிபதி முன்னால் நின்று பேசுவது அதில் கொஞ்ச நேரம். வாய்தா மேல் வாய்தா போகும்போது கட்சிக்காரருக்கு வருகிற கோபத்தையும் நாம்தான் தாங்க வேண்டும். படிப்பதிலும் எழுதுவதிலும் பொறுமை இருக்கிறவர்களுக்கு இது நல்ல தொழில். அது இல்லாதவர்கள் சில வருடத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மூன்றுக்கும் வழி விடுகிற ஒரே படிப்பு என்று சொல்லச் சொன்னால் சட்டம் என்றுதான் சொல்வேன். வக்கீல் என்பதால் சொல்லவில்லை. எந்தப் பட்டம் இருந்தாலும் மத்தியப் பணிக்கான யு.பி.எஸ்.சி., மாநிலப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம், அதில் சட்டத்துக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. ஆனால் தேர்வு கைகூடாமல் போனால் பி.ஏ. மட்டும் வைத்திருப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சட்டம் படித்தவர் கோர்ட்டுக்குப் போகலாம். சிவில் நீதிபதி, அரசு உதவி வழக்கறிஞர், இந்து சமய அறநிலையத் துறை உதவி ஆணையர் போன்ற பதவிகளுக்குச் சட்டப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கோயில் நிலங்கள் இவ்வளவு இருக்கிற நம் டெல்டாவில் கடைசியில் சொன்னது சின்ன வேலை இல்லை. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்விலும் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

சேருவதற்கு இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி., அல்லது முதலில் மூன்று வருடப் பட்டம், பிறகு மூன்று வருட எல்.எல்.பி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது திருச்சி அரசுச் சட்டக் கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, சட்டப் படிப்பும் அதில் சேரும். மருத்துவத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்து விட்டுவிடுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அதே திருச்சியில் நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு கிளாட் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், முழுக்க ஆங்கிலம். நீளமான பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு மூளை பத்தாமல் போவதில்லை, படிக்கிற வேகம்தான் பத்தாது. வேகத்தை ஒரு வருடம் தினமும் ஆங்கிலம் வாசித்துக் கூட்ட முடியும். கட்டணம் அரசுக் கல்லூரியைப் போலப் பல மடங்கு, கல்விக் கடன் வாங்காமல் ஆறு மா நிலத்து வீட்டால் முடியாது. பெரிய சட்ட நிறுவனம், சர்வதேச நடுவர் தீர்ப்பு என்றெல்லாம் போக நினைப்பவர்களுக்கு அது பயன்படும். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ வழக்கு நடத்தப் போகிறவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து.

ஐந்து வருடமா, மூன்றும் மூன்றுமா என்பதில் எனக்கே உறுதியான ஒரு பதில் கிடையாது, ஆளைப் பொறுத்தது. சட்டம்தான் என்று மனசு நிலைத்தவருக்கு ஐந்து வருடம் சரி, ஒரு வருடம் மிச்சமாகும். இன்னும் தெளிவில்லாதவருக்கு மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியிலோ கும்பகோணத்திலோ பி.ஏ. வரலாறு, பொருளியல் படிப்பதை நான் மேலாக நினைக்கிறேன். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம், செலவு குறைவு. மூன்றாம் வருட முடிவில் கையில் பட்டம் இருக்கும், தேர்வுகளை அப்போதே எழுத ஆரம்பிக்கலாம். ஐந்து வருடப் படிப்பில் சேர்ந்தவர் பட்டத் தகுதி கேட்கும் தேர்வுக்குக் கடைசி வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் செய்த திருத்தத்தின்படி அந்தப் பதவிக்கு என்ன கல்வித் தகுதியோ அதுவரை எல்லாப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தகுதி, ஆகவே ஒன்றிலிருந்து பத்து வரை தமிழ் வழி என்றால் போதும். குரூப் 1, குரூப் 2 என்றால் பட்டமும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். இப்போது நீங்கள் ஆங்கில வழியில் ஒரு டிகிரி சேர்ந்தால் அந்தப் பெரிய தேர்வுகளில் இந்த 20 சதவீதம் கைவிட்டுப் போகும். மறுபக்கம், உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில், வெளியுறவுக்கு ஆங்கிலம் இல்லாமல் நகர முடியாது. மாநிலப் பணிதான் முதல் ஆசை என்றால் தமிழ் வழி பி.ஏ. பெரிய பலம். மற்ற இரண்டும்தான் என்றால் அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கலாம். இதைத் தெரிந்து விட்டுக்கொடுங்கள், தெரியாமல் இழக்க வேண்டாம்.

சட்டத்தில் முதல் சில வருடங்களைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேற வேண்டும். பதிவுக் கட்டணம் முன்பு ஆயிரக்கணக்கில் இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. நம் ஊர்ப் பக்கம் எல்லா ஆபீஸிலும் அது நடப்பதில்லை. பஸ் செலவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மட்டும் கிடைக்கிற இடங்களும் உண்டு. மூன்று வருடமாவது வீட்டுச் சாப்பாட்டில் இருந்துகொண்டு தொழில் கற்க முடியுமா என்று அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். நீதிபதி ஆக ஆசை இருந்தாலும் அந்த மூன்று வருடம் தவிர்க்க முடியாது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியது. வக்கீலாக இருப்பவர் நேரடியாக மாவட்ட நீதிபதி ஆவதற்கு ஏழு வருடம் தொழில் பார்த்திருக்க வேண்டும், அது அரசியலமைப்பின் 233ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

எங்கே தொழில் பார்ப்பது என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் அதற்குள் போயிற்று. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே இருந்துவிட்டன. வெண்ணாற்றின் இந்தக் கரை மேல்முறையீடு மதுரைக்கு, கொஞ்சம் கிழக்கே தள்ளி நடந்தால் சென்னைக்கு. நீங்கள் திருவாரூர் மாவட்டம் என்பதால் உங்கள் ஊர் வழக்குகளின் தொடர்பு சென்னையோடுதான் இருக்கும். சீனியரைத் தேடும்போது இதை மனசில் வையுங்கள்.

அரசுப் பணிக்கு வருவோம். எல்லாருக்கும் கலெக்டர் கனவு இருப்பதில் தப்பில்லை. கணக்கையும் பார்க்க வேண்டும். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கு வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், தேர்வாவது சுமார் ஆயிரம் பேர். ஐ.ஏ.எஸ். அதிலும் ஒரு பகுதி. பொதுப் பிரிவுக்கு 32 வயது, ஆறு முறை. ஓ.பி.சி.க்கு 35 வயது, ஒன்பது முறை. எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழிப் பிள்ளைகள் தடுக்கிவிழுகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

என் மனசை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. நிலத்தை ஒத்திக்கு வைத்து, சென்னையில் ரூம் எடுத்து, கோச்சிங்குக்குக் கட்டி, இருபதுகள் முழுவதும் ஒரே தேர்விலேயே கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த பிள்ளைகளை நான் தெரிந்து வைத்திருக்கிறேன். அறிவாளிப் பிள்ளைகள். அவர்களிடம் குறை இல்லை, திரும்பி வர ஒரு படி வைக்காமல் போனதுதான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதுவது என்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு எல்லை போட்டு, அதை வீட்டில் சொல்லி வையுங்கள். காசு கொடுத்துப் போவதற்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி.க்கு இலவச வகுப்பு உண்டு. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் யு.பி.எஸ்.சி. முதல்நிலைக்குப் படிப்பவர்கள் ஆயிரம் பேரைத் தேர்வு வைத்து எடுத்து, மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2023இல் தொடங்கியது. திட்டங்கள் மாறக்கூடியவை, அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரூப் 4ஐக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தகுதி, 200 கேள்வி, அதில் பாதி தமிழ். கட்டாயத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றதைத் திருத்துவார்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு இது சொந்த வீடு மாதிரி. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து, துறைத் தேர்வுகளைத் தேறி, தாசில்தாராக ஓய்வு பெற்றவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வேலையில் இருந்துகொண்டே குரூப் 2, குரூப் 1 எழுதி மேலே போனவர்களும் உண்டு. குரூப் 1இல் துணை கலெக்டராகச் சேர்ந்தவர் பின்னாளில் ஐ.ஏ.எஸ். அந்தஸ்து பெற்றுக் கலெக்டர் நாற்காலியில் உட்காரவும் வழி இருக்கிறது. கலெக்டர் ஆக யு.பி.எஸ்.சி. ஒன்றுதான் வழி என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

வெளியுறவில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இந்திய வெளியுறவுப் பணிக்குத் தனித் தேர்வு கிடையாது, அதே யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான். வருடத்துக்குச் சில பத்துப் பேரை எடுக்கிறார்கள். சேர்ந்த பிறகு ஒரு வெளிநாட்டு மொழியைக் கற்றே ஆக வேண்டும். அதிகம் பேர் அறியாத இன்னொரு வாசல், மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு. அதில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பதவி இருக்கிறது. தூதரகங்களிலும் பணியமர்த்துவார்கள். படிப்பு வழியாகப் போக நினைத்தால் பட்டத்துக்குப் பிறகு புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பன்னாட்டு உறவும் எம்.ஏ. இருக்கிறது, டெல்லி ஜே.என்.யு.வில் பன்னாட்டு ஆய்வுகளுக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. இரண்டுக்கும் பொது நுழைவுத் தேர்வு.

ஐ.நா. பற்றி நிறையத் தவறான நம்பிக்கை உலவுகிறது. டிகிரி முடித்ததும் விண்ணப்பம் போட்டுச் சேருகிற இடம் அது இல்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தச் செலவில் தங்க வேண்டியிருக்கும். இளம் நிபுணர் தேர்வு என்று ஒன்று உண்டு, 32 வயதுக்குள் எழுத வேண்டும். ஆனால் எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் வருடாவருடம் மாறும். அங்கே போய்ச் சேர்கிறவர்களில் பலர் முதலில் ஏதோ ஒரு வேலையில், சட்டத்திலோ பொருளாதாரத்திலோ பேரிடர் நிவாரணத்திலோ, பெயர் வாங்கியவர்கள். ஆகவே அதை முதல் வேலையாக வைக்காமல் ஒரு பத்து வருடம் கழித்து வருகிற வாய்ப்பாக வையுங்கள். அதுவரை ஆங்கிலத்தோடு பிரெஞ்சையும் கற்றுக்கொள்ளுங்கள், அது ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு மிகக் கிட்டத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்கிற மொழியும் அதுதான், காரைக்காலும் புதுச்சேரியும் பக்கத்தில்.

வெளியுறவு என்றால் வெளிநாட்டில் போய் உட்கார்வது என்றும் நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில் இலங்கைக் கடற்படை பிடித்த மீனவரின் படகை மீட்கப் போராடுகிற குடும்பத்துக்கு 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவை. வளைகுடாவில் சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியைப் பற்றி மனு எழுதத் தெரிந்த ஆள் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் தேவை. உங்கள் மாவட்டத்துப் பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் செப்புத் திருமேனி கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. வாங்கியது ஒரு கனடா நிறுவனம். வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. சிதிலமாகிக் கிடந்த விசுவநாதசுவாமி கோயிலை ஒரு சட்ட நபராக ஏற்கலாமா, அது இங்கிலாந்தில் வழக்குத் தொடரலாமா என்பதுதான் பெரிய கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படியொரு நபர் கிடையாது. ஆனால் கோயிலின் சொந்த நாட்டுச் சட்டம் அதை நபராக ஏற்கிறது, அதை மதிக்க வேண்டும் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. அதே வருடம் நடராஜர் ஊர் திரும்பினார். அந்த வழக்கில் சர்வதேசச் சட்டமும் இந்துச் சட்டமும் நம் ஊர்ச் சிற்பமும் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இடம் இருந்தது. நான் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் இந்த வழக்கைச் சொல்லாமல் விடுவதில்லை.

என் மாதிரி வீட்டிலிருந்து முடியுமா என்று நீங்கள் கேட்காமல் கேட்டதற்கு ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன். உங்கள் பக்கத்துத் தாலுகா வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரி கும்பகோணத்தில் படித்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1921இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் கூட்டத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனார். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவரானார், தூதர் மாதிரியான பொறுப்பு அது. அவர் காலமும் சமூக நிலையும் வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கொண்டு போனது ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதவும் பேசவும் உழைத்த உழைப்பு, அது இன்றைக்கும் செல்லுபடியாகும்.

மாமா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அவர் பயப்படுவது உங்கள் வீட்டு வருமானத்தை நினைத்து. பி.காம் படித்துவிட்டும் எல்.எல்.பி. சேரலாம், வரி, கம்பெனி வழக்குகளில் அது தனிப் பலம். வணிகவியலில் உண்மையிலேயே ஈடுபாடு இருந்தால் அது தப்பான வழி இல்லை. இல்லை என்றால் மூன்று வருடத்தை அதில் போட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த வருடம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முதல் வேலை பிளஸ் டூ மதிப்பெண், சட்டக் கல்லூரி இடமே அதில்தான் தீரும். அதற்கு நடுவில் மூன்று இடங்களை நேரில் பாருங்கள். நீதிமன்றம் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கிற இடம். பள்ளிக்கு லீவு இருந்து கோர்ட் நடக்கிற ஒரு நாளில் மன்னார்குடி கோர்ட்டுக்குப் போய்ப் பின் வரிசையில் அமைதியாக உட்காருங்கள். திங்கட்கிழமை ஒரு நாள் திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதைப் பாருங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் போய் ஊர் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் உங்கள் தெரு வாய்க்கால் தூர்வாரியதற்கு எவ்வளவு செலவு என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலைப் படிக்கும்போது அதை எழுதிய அதிகாரியின் இடத்தில் இருக்க ஆசை வருகிறதா, அதை வைத்து வாதாட ஆசை வருகிறதா என்று பாருங்கள். தினமும் ஒரு ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தை வாய்விட்டு வாசித்து, அதையே தமிழில் பத்து வரியில் எழுதுங்கள்.

கடைசியாக, சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இ-சேவையில் இப்போதே போட்டு வாங்கி வையுங்கள். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றும் வேண்டும், தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது தேவைப்படும். தமிழ் வழிச் சான்றைத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கு. உங்கள் மதிப்பெண்ணும், வீட்டில் மூன்று வருடம் தாங்க முடியுமா என்ற பதிலும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், ஐந்து வருடமா மூன்றும் மூன்றுமா என்று அதை வைத்துப் பேசலாம்.